குதிரைகளுக்கு ஆறு வாரம்

ஐந்தாவது குதிரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொள்ளு வைக்கும் நேரத்தில் விழுந்தது. அதற்கு முன் இரண்டு நாட்கள் அது லாயத்துச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நின்றது. பிடித்து இழுத்தாலும் நகரவில்லை. கண்ணின் வெள்ளை மஞ்சளாகி, கீழுதடு தொங்கி, எதிரே சுவர் இருப்பதே தெரியாததுபோல முன்னால் போகப் பார்த்துக்கொண்டே இருந்தது. லாயத்தில் வேலை செய்தவர்கள் அந்த நோய்க்குச் 'சுவர்முட்டி' என்று பெயர் வைத்திருந்தார்கள். மருத்துவ நூல்களில் அதற்கு இன்னும் பெயர் கிடையாது.

டாக்டர் ஜெசிந்தா தரையில் மண்டியிட்டுக் குதிரையின் தாடைக்கடியில் விரல் வைத்துப் பார்த்தாள். நாடி இல்லை.

"போயிடுச்சு டாக்டரம்மா," என்றான் லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் தாவூத். "இன்னும் இருபத்தாறு."

"இன்னைக்கு எத்தனை குதிரைகிட்ட ரத்தம் எடுக்கறதா இருந்தது?"

"ஏழு."

"வேண்டாம். நிறுத்து."

வாசலில் குளிர்பெட்டியோடு நின்றிருந்த கன்னியம்மா உள்ளே வந்தாள். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கும் விஷமுறிவுச் சீரத்தை வாரம் ஒருமுறை பண்ணையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் மாவட்ட மருத்துவமனைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அவள் பொறுப்பு. இருளர் சமூகத்திலிருந்து வந்து பாம்பு விஷத்தில் முனைவர் பட்டம் வாங்கியவள். பத்தாண்டுக் கடும் வெயிலுக்குப் பிறகு கண்ணாடி விரியனின் விஷம் மாறிவிட்டது என்பதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னதும் அவள்தான். குதிரையே இல்லாமல் ஆலையில் தயாராகி, இருபது வருடமாக உயிர்களைக் காப்பாற்றிவந்த மருந்து அந்தப் புது விஷத்துக்கு வேலை செய்யவில்லை. கண்காட்சிப் பொருள்போல அரசு விட்டுவைத்திருந்த முப்பத்தொரு குதிரைகளின் உடம்பில் புது விஷத்தைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பார்த்தார்கள். நான்கு மாதத்தில் குதிரைகளின் ரத்தம் அதற்கு மாற்றைக் கற்றுக்கொண்டது. இப்போது நான்கு மாவட்டங்களுக்கும் அந்தக் குதிரைகள்தான் மருந்து.

"நிறுத்துன்னா என்ன மேடம்? இந்த வாரம் மட்டுமா?" என்று கேட்டாள் கன்னியம்மா.

"ஆறு வாரம். ஒரு குதிரை மேலயும் ஊசி படக்கூடாது. நாலு கூட்டமா பிரிச்சு வைக்கணும். ஊட்டி ஆய்வகத்துக்காரங்க வந்து ஈரல்ல துணுக்கு எடுத்துப் பார்க்கணும். இல்லேன்னா தை மாசத்துக்குள்ள இந்தப் பண்ணையில கட்டுறதுக்குக் குதிரை இருக்காது."

"மழை தொடங்கப் போகுது. நாத்து நடவு ஆரம்பிச்சாச்சு." கன்னியம்மாவின் குரல் உயரவில்லை. "ஆறு வாரம் பாம்புகிட்ட லீவு சொல்லிட்டா எங்க ஆளுங்க வயல்ல இறங்குவாங்க?"

ஜெசிந்தா எழுந்து முழங்காலில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டினாள். நாளை மறுநாள் குழு கூடுகிறது என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் குழுவுக்கு முன்னுரிமைக் குழு என்று பெயர். குதிரைப் பந்தயம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சிறு பங்கு குதிரை நல ஆய்வு நிதிக்குப் போய்ச் சேரும். வருடத்துக்கு ஒருமுறை மூன்று பேர் உட்கார்ந்து, எந்த நோயை ஊட்டி ஆய்வகம் முதலில் எடுத்துக்கொள்வது என்று ஓட்டுப் போடுவார்கள். குதிரை உரிமையாளர்கள் சார்பில் ஒருவர், கால்நடை மருத்துவர் ஒருவர், பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர். முதலிடம் கிடைத்த நோய்க்குத்தான் ஆளும் கருவியும். மற்றவை அடுத்த வருடத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குச் சென்னையில் கூட்டம் தொடங்கியது. உரிமையாளர்கள் சார்பில் வந்திருந்த ஜம்புலிங்கத்துக்கு எழுபது வயது. போன மாசிப் பந்தயத்தில் அவருடைய நீலவேணி என்ற குதிரை கடைசி வளைவில் முன்னங்கால் தசைநாண் கிழிந்து விழுந்தது. திரை கட்டி மறைத்து, ஊசி போட்டு அதன் கதையை முடித்தார்கள். ஊசி போட்ட நேரத்தில் அவர் திரைக்குள்ளேதான் இருந்தார்.

"தசைநாண் கிழிவு. அதுக்குத்தான் என் ஓட்டு," என்றார். "போன வருஷம் மட்டும் முப்பத்தெட்டுக் குதிரையைக் கொன்னிருக்கோம். பணம் கொடுக்கறது ரேஸ் குதிரை. அதோட காலைப் பார்க்காம வேற எதைப் பார்க்கறது? நீங்க சொல்லுங்க டாக்டர்."

ஜெசிந்தா சொன்னாள். மஞ்சள் கண், சுவர், ஐந்து மரணங்கள். குதிரையின் கழுத்து நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, தெளிந்த நீரை மட்டும் மருந்துக்கு வைத்துக்கொண்டு, சிவப்பணுக்களை அதே குதிரைக்குத் திருப்பி ஏற்றுவதை விளக்கினாள். அந்த வேலையில் எங்கோதான் நோய் புகுகிறது என்றும், எங்கே என்று தெரியவில்லை என்றும் சொன்னாள்.

ஜம்புலிங்கம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு பழைய கோப்பைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

"பத்தொன்பது வருஷத்துக்கு முந்தின கூட்டக் குறிப்பு. ஒரு மருத்துவர் மனு போட்டிருக்கார். 'சீரம் எடுக்கப்படும் குதிரைகளுக்கு வரும் ஈரல் நோய்'. நீங்க சொல்ற அதே மஞ்சள் கண், அதே சுவர். அன்னைக்கு ஏழு மனுவுல அது கடைசி. அதுக்கு யார் சைபர் மார்க் போட்டாங்கன்னு பாருங்க."

ஜெசிந்தா பார்க்கத் தேவையில்லை. அந்த மனு மேசைக்கு வந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இருந்தாலும் பார்த்தாள். தன் கையெழுத்துக்கு மேலே தான் எழுதிய வரி: 'ஐந்தாண்டுகளில் இக்குதிரைகள் தேவைப்படமாட்டா.'

"நான்தான்," என்றாள். "இருபத்தொன்பது வயசு. குழுவுல நான்தான் சின்னவ. ஆலை மருந்து அப்பதான் வந்திருந்தது. இனிமே குதிரைங்க கழுத்துல ஊசி குத்த வேண்டியதில்ல, பாவம் விட்டுடலாம்னு சந்தோஷமா எழுதினேன். அதுங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சேன்."

"அன்னைக்கு அவ்வளவு நிச்சயமா இருந்தீங்க. இன்னைக்கும் நிச்சயமாத்தான் பேசறீங்க."

"இன்னைக்கு நிச்சயம் இல்ல சார். பயம்தான் இருக்கு."

இரண்டு ஓட்டுகள் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. மூன்றாவது ஓட்டு, பொதுச் சுகாதாரத் துறை சார்பில் வந்திருந்த கன்னியம்மாவுடையது.

"ஆறு வாரம் நிறுத்தினா கண்டுபிடிச்சிடுவீங்களா மேடம்?" என்று கேட்டாள்.

"தெரியாது."

"நிறுத்தாட்டி?"

"மூணு மாசத்துல கடைசிக் குதிரை போயிடும். ஆலை மருந்தைப் புது விஷத்துக்கு ஏத்த மாதிரி மாத்த இன்னும் பதினாலு மாசம் ஆகும்னு அவங்களே சொல்லியிருக்காங்க. நடுவுல நம்ம கையில ஒண்ணுமே இருக்காது."

கன்னியம்மா நிகழ்ச்சி நிரல் தாளைத் திருப்பி அதன் பின்பக்கம் எதையோ எழுதிக் கூட்டினாள். ஒரு பக்கம் ஆறு வாரத்தில் சாகக்கூடியவர்கள். இன்னொரு பக்கம், கடைசிக் குதிரையும் போன பிறகு வரும் பதினோரு மாதத்தில் சாகக்கூடியவர்கள். எழுதி முடித்ததும் தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சுவர்முட்டிக்கு என் ஓட்டு. ஆனா ஒண்ணு. இப்ப கையில இருக்கற சீரம் எந்த ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போகணும்னு நான் மட்டும்தான் எழுதுவேன். யாரும் போன் போட்டு எங்க ஊருக்குக் கூட்டிப் போடுங்கன்னு கேக்கக்கூடாது. மந்திரியா இருந்தாலும் சரி."

ஜம்புலிங்கம் கோப்பை மூடினார். "அடுத்த வருஷம் என் குதிரைங்க காலுக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்க ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் பண்ணையில் ஊசிகளை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். இருபத்தாறு குதிரைகளையும் நான்கு லாயங்களாகப் பிரித்தார்கள். ஒரு லாயத்தின் வாளி இன்னொரு லாயத்துக்குப் போகக்கூடாது. கால் செருப்பைக்கூட மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். ஊட்டியிலிருந்து இரண்டு பேர் வந்து சில குதிரைகளின் ஈரலில் துணுக்குகள் எடுத்துப் போனார்கள்.

மழை வந்தது. முதல் வாரத்தில் மூன்று பேர் இறந்தார்கள். கன்னியம்மா தினமும் மாலை ஆறு மணிக்குப் போன் செய்வாள். "இன்னைக்கு ஒண்ணு," என்பாள். அல்லது "இன்னைக்கு யாரும் இல்ல." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். இரண்டாவது வாரத்தில் சுகாதாரச் செயலர் கூப்பிட்டார். "ஒரு பத்துக் குதிரைகிட்ட மட்டுமாவது எடுங்களேன் டாக்டர். யாருக்குத் தெரியப் போகுது?" ஜெசிந்தா முடியாது என்றாள். "எழுத்துல கொடுங்க" என்று அவர் சொன்னபோது எழுத்திலும் கொடுத்தாள். மூன்றாவது வாரத்தில் 'குதிரைக்கு ஓய்வு, ஏழைக்குச் சாவு' என்று ஒரு பத்திரிகை தலைப்பிட்டது. பண்ணை வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. கூட்டத்திலிருந்த ஒருவர் கையில், ஈரம் காயாத மாலையோடு ஒரு புகைப்படம் இருந்தது. ஜெசிந்தா வெளியே போய் அவர்கள் எதிரில் நின்றாள். அவர்கள் திட்டி முடிக்கும்வரை நின்றுவிட்டு உள்ளே வந்தாள்.

ஊட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை. துணுக்குகளில் அழிந்துபோன ஈரல் தெரிந்தது. அழித்தது எது என்று தெரியவில்லை.

நான்காவது வாரத்தில் ஒருநாள் மாலை கன்னியம்மாவின் போன் வரவில்லை. மறுநாள் ஜெசிந்தாவே கூப்பிட்டாள்.

"காய்ச்சல் மேடம். நேத்து லீவு. ரெண்டு நாளைக்கும் சேர்த்து மூணு," என்றாள் கன்னியம்மா. குரல் கரகரப்பாக இருந்தது. காய்ச்சல்தான் என்று ஜெசிந்தா நினைத்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் தாவூத் அலுவலக வாசலில் வந்து தயங்கி நின்றான்.

"டாக்டரம்மா, ஒண்ணு சொல்லலாமா? செத்ததுங்க அஞ்சும் அஞ்சு மூலையில நின்னதுங்க. ஒரே தொட்டியில தண்ணி குடிச்சது இல்ல, ஒண்ணை ஒண்ணு மோந்ததுகூட இல்ல. நானும் யோசிச்சு யோசிச்சுப் பார்த்தேன். ரத்தம் எடுக்கற அன்னைக்கு அதுங்களை நான்தானே கூட்டிட்டுப் போவேன். மல்லிகாவை வெளியே கொண்டாந்து கட்டிட்டு, அடுத்ததா உள்ளே விட்டது எல்லாமே இதுங்கதான்."

மல்லிகா பண்ணையிலேயே திடமான குதிரை. ஒருநாள்கூட உடம்புக்கு வந்ததில்லை. அதன் சீரம்தான் எல்லாவற்றிலும் வீரியமானது. அதனாலேயே அதனிடம் முதலில் எடுப்பார்கள்.

ஜெசிந்தா பதிவேட்டை இழுத்துப் பிரித்தாள். விரல் வைத்துத் தேதி தேதியாக இறங்கினாள். மல்லிகா, அடுத்து முதலாவது செத்தது. மல்லிகா, அடுத்து இரண்டாவது. ஐந்தும் அப்படியே. மல்லிகாவுக்கு அடுத்து நின்றும் இதுவரை விழாத குதிரைகள் இன்னும் மூன்று இருந்தன. அவள் லாயத்துக்கு ஓடிப் போய்ப் பார்த்தாள். மூன்றில் ஒன்றின் கண் லேசாக மஞ்சளாகியிருந்தது.

ரத்தத்தைப் பிரித்துத் திருப்பி ஏற்றும் இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். சிவப்பணுக்களைத் திருப்பி ஏற்றும் குழாய் ஒவ்வொரு குதிரைக்கும் புதிது. ஆனால் இயந்திரத்தில் அந்தக் குழாய் போய்ச் சேரும் இடத்தில், கழுவும் நீர் எட்டாத ஒரு வளைவு இருந்தது. பயறு அளவுக்கு அங்கே பழைய ரத்தம் தேங்கியிருந்தது. மல்லிகாவின் ஈரல் துணுக்கை எடுத்துக்கொண்டு ஜெசிந்தாவே ஊட்டிக்குக் காரோட்டினாள். நான்காம் நாள் பதில் வந்தது. இதுவரை யாரும் பார்த்திராத ஒரு வைரஸ் மல்லிகாவின் உடம்பில் இருந்தது. அதனிடம் எந்த வம்பும் செய்யாமல், வருடக்கணக்காகக் குடியிருந்தது. வேறொரு குதிரையின் ரத்தத்தில் ஒரு துளி போனால் அதன் ஈரலைத் தின்றது.

"மல்லிகாவை என்ன பண்ணப் போறீங்க?" என்று போனில் கேட்டார் ஜம்புலிங்கம். விஷயம் அவர் காதுக்கு எப்படியோ போயிருந்தது.

"தனி லாயம் சார். இனிமே அதுகிட்ட ரத்தம் எடுக்கமாட்டோம்."

"கொல்லலையே?"

"இல்ல."

"நல்லது," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இயந்திரத்தின் அந்தப் பகுதியைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதிரைக்கொன்றாகத் தனித்தனியாக மாட்டினார்கள். ஐந்தாவது வார முடிவில், சொன்னதற்கு ஒரு வாரம் முன்னதாகவே, பரிசோதனையில் தேறிய பத்தொன்பது குதிரைகளிடம் ரத்தம் எடுத்தார்கள். ஒன்றும் விழவில்லை. நிறுத்துவதற்கு முன் எடுத்து, இத்தனை நாளும் சுத்திகரிப்பில் இருந்த பகுதியோடு சேர்த்து முதல் பெட்டிகள் தயாராயின.

வண்டிகள் போதவில்லை என்பதால் ஒரு பெட்டியை ஜெசிந்தாவே தன் காரில் ஏற்றிக்கொண்டு பனைவயல் தாலுகா மருத்துவமனைக்குப் போனாள். அங்கே மருந்தாளுநர் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"பதினோரு நாளா ஒரு குப்பிகூடக் கிடையாது மேடம். எங்களுக்கு ரெண்டாவது இடம்னுதான் முதல்ல பட்டியல் வந்தது. நிறைய வரும்னு நம்பியிருந்தோம். ஒரு மணி நேரத்துல திருத்தின பட்டியல் வந்தது. அதுல அஞ்சாவது."

"ரெண்டு பட்டியலா?"

அவர் இரண்டையும் எடுத்துக் காட்டினார். கடந்த மூன்று வருடத்துப் பாம்புக்கடி எண்ணிக்கையை வைத்துப் போட்ட வரிசை. பனைவயலின் எண்ணிக்கை இரண்டு தாளிலும் ஒன்றுதான். இடம் மட்டும் இறங்கியிருந்தது. இரண்டிலும் கீழே கன்னியம்மாவின் கையெழுத்து.

"டாக்டர் கன்னியம்மாவுக்கு இதே ஊர்தான் மேடம்," என்றார் மருந்தாளுநர் தணிந்த குரலில். "செங்கல் சூளைக்குப் பின்னால அவங்க குடியிருப்பு. பத்து நாளைக்கு முன்னால அவங்க அக்கா வீட்டுக்காரரை இங்கதான் கொண்டாந்தாங்க. பத்துக் குப்பி தேவைப்பட்டது. எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. திருமணி ஆஸ்பத்திரிக்கு வண்டியில ஏத்தினோம். போற வழியிலேயே..."

ஜெசிந்தா தேதியைக் கேட்டாள். போன் வராத அந்த நாள்.

சூளைக்குப் பின்னால் வண்டியை நிறுத்தியபோது கன்னியம்மா வேப்ப மரத்தடியில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஆச்சரியம் தெரியவில்லை.

"பட்டியலைப் பார்த்துட்டீங்க," என்றாள்.

"ஏன் மாத்தினீங்க கன்னியம்மா?"

"ரெண்டாவதா எங்க ஊரை எழுதிட்டு அனுப்பினேன். அனுப்பின உடனே பயமாப் போச்சு. 'பார்த்தியா, தன் ஆளுங்களுக்கு முன்னால போட்டுக்கிட்டா'ன்னு சொல்வாங்க. இத்தனை வருஷமா அந்த ஒரு சொல்லு வந்துடக்கூடாதுன்னே வேலை பார்த்துட்டேன். வந்தா பட்டியலையே யாரும் மதிக்கமாட்டாங்கன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இறக்கிட்டேன். கணக்குப்படி நியாயமா எங்களுக்கு வர வேண்டியது மேடம் அது. நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கல. பயந்துட்டேன்."

ஜெசிந்தா அவள் தோளில் கை வைக்கப் போய், வைக்காமல் நின்றாள். பத்தொன்பது வருடத்துக்கு முன் தான் போட்ட சைபரைப் பற்றி ஏதாவது சொன்னால் அது ஆறுதல்போலக் கேட்கும் என்று தோன்றியது.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"இன்னைக்குச் சொல்லத்தான் வந்தேன். அரை மணி நேரமா இங்கயே நிக்கறேன். நீங்களும் வாங்க."

வீட்டு வாசலில் அக்கா பூங்காவனம் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவுக்கு ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள். கன்னியம்மா உட்காரவில்லை. நின்றபடியே, எதையும் மறைக்காமல், முதல் பட்டியல், இரண்டாவது பட்டியல், தன் பயம், எல்லாவற்றையும் சொன்னாள்.

பூங்காவனத்தின் கை நிற்கவில்லை. ஓடு உடைகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அந்த மருந்து எங்க போச்சு?" என்று கடைசியில் கேட்டாள்.

"திருமணி ஆஸ்பத்திரிக்குக்கா. நம்ம இடத்துக்கு அதை ஏத்தினேன்."

"யாருக்கனா போட்டாங்களா?"

"போட்டாங்க. மாமாவைக் கடிச்சதுக்கு மொத நாள், ஒரு பொம்பளைக்கு. நாத்து நடும்போது கடிச்சிடுச்சாம்."

"பொழைச்சிக்கிச்சா?"

"பொழைச்சிக்கிச்சு."

பூங்காவனம் முறத்தைக் கீழே வைத்தாள். தங்கையை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் அழுகையும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

"அது பேரு இன்னா?"

"தெரியலக்கா. நாங்க எண்ணிக்கை மட்டும்தான் எழுதுவோம்."

"போய்க் கேட்டுக்கினு வா. பேரைக் கேட்டுக்கினு வந்து எங்கிட்ட சொல்லு. அதுக்கப்பறம் நீ எங்கூடப் பேசலாம்."

முறத்தை மறுபடி மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் வண்டிவரை நடந்தார்கள். திருமணிக்கு அங்கிருந்து நாற்பது கிலோமீட்டர். மழை பிடித்துக்கொள்ளும்போல இருந்தது.

"இப்பவே போலாமா மேடம்?" என்றாள் கன்னியம்மா.

ஜெசிந்தா அவளுக்காக முன்கதவைத் திறந்துவிட்டாள்.